பாலையும் வீரையும் வளர்க்கும் ஒரு தோட்டம்

தாவரவியல் பூங்கா என்றதும் நம்மவருக்கு உடனே நினைவில் வருவது பேராதனை. 1821ஆம் ஆண்டு ஆங்கில ஆட்சியினர் அமைத்த அந்தப் பூங்கா இன்றுவரை அரசின் பராமரிப்பில் இருந்து வருகிறது. பாடசாலைச் சுற்றுலாவில் அங்கு போய் வந்தவர்கள் அரச பனை வரிசையையும் ஓக்கிட் மலர்களையும் பல வருடங்களுக்குப் பின்னரும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். ஆனால் வன்னிக் காட்டில் நாம் நாளாந்தம் கண்டு பழகிய மரங்களுக்கென்று ஒரு பூங்காவை யாராவது அமைப்பார்களா? பாலை மரத்தைப் பார்க்க யார் காசு கொடுத்துச் சீட்டு வாங்குவார்கள்?

அப்படியும் ஒரு தோட்டம் இருக்கிறது. பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழகத்தின் விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்குச் சற்று வடக்கே ஆரோவில் என்னும் குடியிருப்பு உண்டு. 1968 பெப்ரவரி 28ஆம் திகதி, 124 நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட கைப்பிடி மண்ணை ஒரு தாழியில் இட்டு அதனை ஆரம்பித்தார்கள். அங்கு வாழும் சிலர் 2000ஆம் ஆண்டில் ஐம்பது ஏக்கர் நிலத்தில் ஒரு தாவரவியல் தோட்டத்தைத் தொடங்கினர். எந்த அரச திணைக்களமும் திட்டமிட்டு உருவாக்கியதல்ல அது. மரத்தில் பித்துக் கொண்ட சிலரின் முயற்சி. ஆரோவிலின் ஆன்மீகக் கொள்கைகளைப் பற்றி இங்கு நாம் பேச வரவில்லை. எமது அக்கறை மண்ணைப் பற்றியது.

அந்த மண்ணின் பழைய கதையை முதலில் சொல்ல வேண்டும். கடலிலிருந்து சில மைல் உள்ளே, சற்று மேடாக எழும்பிய செம்மண் நிலம் அது. முன்னொரு காலத்தில் காடாக இருந்தது. விறகுக்கும் கட்டடத்துக்கும் கப்பலுக்கும் மரங்கள் தறிக்கப்பட்டன. பிறகு ஆடுமாடு மேய்ந்தது. கடலை விதைத்தார்கள், மரமுந்திரிகை வைத்தார்கள். மரம் போனதும் மழை நேரே மண்ணில் விழுந்தது. மேல் மண் கரைந்து ஓடியது. ஓடிய இடமெல்லாம் ஆள் தாழும் பள்ளங்களாகக் கிழிந்தன. மாரியில் கடலோரத்துத் தண்ணீர் சிவந்து கிடக்கும் என்று அங்குள்ள முதியவர்கள் சொல்வார்கள். 1968இல் வந்திறங்கியவர்கள் கண்டது ஆங்காங்கே சில பனைகளும் ஆலமரங்களும் நின்ற ஒரு வெட்டைவெளியைத்தான்.

அவர்கள் முதலில் செய்தது மரம் நடுவதல்ல. வரம்பு கட்டியதுதான் முதல் வேலை. நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்து, சரிவுக்குக் குறுக்கே மண்ணை வெட்டி அணையிட்டார்கள். பெய்கிற மழை பெய்த இடத்திலேயே நின்று இறங்க வேண்டும், ஒரு சொட்டும் காணியை விட்டு வெளியே போகக்கூடாது என்பதே நோக்கம். கிழிந்த ஓடைகளுக்குக் குறுக்கே சிறு தடுப்பணைகள் போட்டார்கள். வயல் வரம்பு கட்டித் தழும்பேறிய கைகளுக்கு இதில் புதுமை எதுவும் இல்லைதான். வயலுக்குக் கட்டுகிற வரம்பை மேட்டுக் காணிக்கும் கட்ட வேண்டும் என்பதை மாத்திரம் நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. இந்த வேலையை வெளிநாட்டவர் மாத்திரம் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுற்றுக் கிராமங்களின் ஆண்களும் பெண்களும்தான் மண் வெட்டினார்கள், மண் சுமந்தார்கள், கன்றுகளுக்குத் தண்ணீர் காவினார்கள்.

வரம்பு கட்டிய பிறகும் காட்டு மரங்களை அந்த நிலம் ஏற்கவில்லை. கொதிக்கும் வெயிலில் நிழலில்லாத செம்மண்ணில் பாலைக் கன்று எப்படி நிற்கும்? எனவே அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த அக்கேசியா மரத்தை நிறைய நட்டார்கள். நமது வனத் திணைக்களம் தெருவோரங்களில் நட்ட அதே மரந்தான். அது விரைவாக வளரும், இலையை நிறையக் கொட்டும், வேர் முடிச்சுகளால் காற்றின் நைதரசனை மண்ணுக்குக் கொடுக்கும். காட்டைப் பாதுகாப்போர் பலருக்கு அக்கேசியா என்றாலே ஆகாது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கு அதனை நிரந்தரக் குடியாக வைக்கவில்லை. வெயிலை மறைத்து மண்ணை ஆற்றித் தருகிற தாதியாகவே வைத்தார்கள். அதன் நிழலில் சில வருடங்களின் பின் நாட்டு மரங்கள் நடப்பட்டன.

அந்த நாட்டு மரங்கள் எவை என்று அறிந்தால் உங்களுக்கு வியப்பாயிருக்கும். பாலை, வீரை, கருங்காலி, காயா, நாவல், கொன்றை, முதிரை. முதிரையை அங்கே பொரசு என்கிறார்கள். பாலைக்கு உலக்கைப்பாலை என்றும் பெயருண்டு. உலக்கை செய்ய அதன் வைரத்தை விடச் சிறந்தது கிடையாது என்பதைத் தாய்மாருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. முல்லைத்தீவில், மன்னாரில், வவுனியாவின் வடக்கே இவற்றின் நடுவில்தான் நாம் காடு வெட்டிக் கமம் செய்தோம். ஒரே காடு, நடுவில் கடல். அவ்வளவுதான்.

இந்தக் காட்டை அறிஞர்கள் வெப்பவலய உலர் பசுமைமாறாக் காடு என்று வகைப்படுத்துகிறார்கள். பெயரிலேயே ஒரு முரண் உண்டு. உலர்ந்த இடத்து மரம் கோடையில் இலையை உதிர்ப்பதுதான் வழக்கம். இந்த மரங்களோ ஆறேழு மாதம் மழையில்லாமல் இருந்தாலும் பச்சையாகவே நிற்கும். இலை சிறிது, தடிப்பு, மேலே மெழுகு பூசியது போன்ற மினுக்கம். வேர் ஆழம். ஐப்பசி முதல் மார்கழி வரை வருகிற வடகீழ்ப் பருவ மழையை நம்பியே வருடம் முழுவதையும் ஓட்டுகிற மரங்கள் இவை. காலபோகத்தை நம்பியிருக்கும் மானாவாரிக் கமக்காரனின் சீவியமும் அப்படியானதுதானே.

முன்னர் இக்காடு விசாகப்பட்டினத்திலிருந்து இராமநாதபுரம் வரை கிழக்குக் கரையோரமாக நீண்டு கிடந்தது. அந்தக் கரை சனம் மிகுந்த கரை. ஊரும் வயலும் துறைமுகமும் பெருகப் பெருகக் காடு சுருங்கிப் போயிற்று. இன்று அங்கு எஞ்சியிருப்பவை பெரும்பாலும் சிறு சிறு துண்டுகள். அவற்றிலும் பல ஐயனார் கோயிற்காடுகள். சுள்ளி பொறுக்கினாலும் ஐயனார் கோபிப்பார் என்ற பயம் அந்த மரங்களைக் காத்தது. ஆரோவில்காரர் தமது தோட்டத்துக்கு விதை தேடியபோது போன இடங்களும் இவைதாம்.

அப்படியான கோயிற்காடுகளில் பேர்பெற்ற ஒன்று, புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் கரையோரத் தெருவில் உள்ள கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு. அந்த ஊர்ப் பெயர் எமது வாசகர் சிலருக்குப் பழக்கமானதாக இருக்கும். அங்கேதான் நம் நாட்டிலிருந்து படகேறிப் போனவர்களுக்கான முகாம் ஒன்றும் இருக்கிறது. 2021இல் தமிழக அரசு இத்தகைய முகாம்களுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. வன்னியை விட்டுப் போனவர்கள் பல்லாண்டுகள் தங்கிய இடத்துக்குப் பக்கத்தில் வன்னிக் காட்டின் மரங்களே நின்றிருக்கின்றன. 1990இல் மடுப் பதியில் தஞ்சமடைந்த ஆயிரக்கணக்கானோரும் இத்தகைய மரங்களின் கீழேதான் பாய் விரித்தார்கள்.

இனித் தோட்டத்துக்குள் போவோம். ஐம்பது ஏக்கரில் ஏறத்தாழப் பாதியை இந்தக் காட்டுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். அங்கு பூப்பாத்தி கிடையாது, புல் வெட்டுவதில்லை. நாட்டி, காவல் காத்து, காடாக வளர விட்டிருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களில் பலர் இந்தப் பகுதியை விரைந்து கடந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒழுங்கற்று நிற்கும் பச்சையில் கண்ணுக்கு எதுவும் சட்டென்று பிடிபடாது.

எஞ்சிய நிலத்தில் மரங்களை வகைவகையாக நட்ட ஒரு சோலையும், பொருளுக்கொன்றாகப் பிரிக்கப்பட்ட சிறு தோட்டங்களும் உள்ளன. கள்ளி வகைகளுக்கு ஒரு பகுதி. தாமரை, அல்லிக்குத் தண்ணீர்த் தடாகம். மூலிகைக்கு ஓரிடம். வேலிச் செடிகளால் சுற்றிச் சுற்றி வழி அமைத்து, உள்ளே போன பிள்ளைகள் வெளியே வரத் திண்டாடும் ஒரு புதிர்ப் பாதை. சட்டியில் வளர்த்த குறுமரங்களுக்கும் ஓர் இடம் உண்டு. வானளாவ வேண்டிய ஆலமரத்தை ஒரு சாண் உயரத்தில் குறுக்கி வைப்பதில் எமக்கு மனம் ஒப்பவில்லை. அதிலும் ஒரு கலை இருக்கிறதென்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம்.

கள்ளிப் பகுதி கமக்காரர் நின்று பார்க்க வேண்டிய இடம். கள்ளிக்கு எதிரி வறட்சியல்ல, வேரில் தேங்கும் தண்ணீர். மழை மிகுந்த கார்த்திகையில் அழுகிப் போகும். எனவே அதற்குப் பாத்தியை உயர்த்தி, கல்லும் மணலும் கலந்து நீர் வடிய விட வேண்டும். காட்டு மரத்துக்கு மழையை மறித்து நிறுத்துகிறவர்கள் கள்ளிக்கு அதே மழையை வடிய விடுகிறார்கள். மன்னாரிலும் தீவுப்பகுதியிலும் மேய்ச்சல் நிலங்களை மூடிக் கிடக்கும் நாகதாளியும் அமெரிக்காவிலிருந்து வந்த கள்ளிதான். அது நமது மணலில் அவ்வளவு செழித்ததற்குக் காரணமும் இதுவே.

ஆகவே தோட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரிப்பது அழகுக்கு மாத்திரமான ஏற்பாடல்ல. ஒரே அளவு தண்ணீர் கேட்பவற்றை ஓரிடத்தில் வைத்தால் ஒன்றுக்கு வார்த்த தண்ணீர் மற்றதைக் கொல்லாது. இதனை நமது பழைய வளவுகளும் அறிந்திருந்தன. கிணற்றடியில் வாழையும் கமுகும், கழுவு நீர் ஓடும் இடத்தில் சேம்பு, தண்ணீர் எட்டாத கோடியில் முருங்கை, வேலியில் கிளுவையும் பூவரசும், படலையடியில் செவ்வரத்தை. யாரும் வரைபடம் போட்டு வைத்ததில்லை. இடம்பெயர்ந்து கிடைத்த சிறு துண்டில் எல்லாவற்றையும் கொட்டிலைச் சுற்றி ஒன்றாக நட்டு, ஒன்றும் சரிவரவில்லை என்று மனம் சலித்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். அரைப் பரப்பிலும் ஈரமான மூலை, காய்ந்த மூலை என்று இரண்டு உண்டு. கழுவு நீர் எங்கே போகிறது என்று பார்த்தால் தோட்டத்தின் முதற் கோடு தானாகவே கீறப்பட்டுவிடும்.

மூலிகைப் பகுதியில் நம்மவருக்கு வழிகாட்டி தேவைப்படாது. ஆடாதோடை, நொச்சி, தூதுவளை போன்றவற்றை இலையைப் பார்த்தே பெயர் சொல்லக்கூடிய அம்மாமார் இன்னும் நம் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்கோ பெயர்ப்பலகை வேண்டும். தோட்டத்தார் பாடசாலைப் பிள்ளைகளை அழைத்து மரங்களைக் காட்டிப் படிப்பிப்பதைத் தமது முக்கிய பணிகளுள் ஒன்றாகச் செய்து வருகிறார்கள். புதிர்ப் பாதையும் தாமரைத் தடாகமும் பிள்ளைகளை உள்ளே இழுக்கின்றன. உள்ளே வந்த பிள்ளை பாலை மரத்தையும் பார்த்துவிட்டுப் போகிறது. கெட்டித்தனமான ஏற்பாடு.

2011 டிசம்பர் 30ஆம் திகதி அதிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையைக் கடந்தது. ஆரோவிலில் மரங்கள் பெருந்தொகையாகச் சாய்ந்தன. தெருக்களைத் திறக்கவே பல நாட்கள் சென்றன. விழுந்தவற்றில் பெரும் பங்கு அந்த அக்கேசியாக்கள். விரைவாக வளர்ந்த மரம், வேர் மேலோட்டமானது. அவற்றின் நிழலில் மெல்ல மெல்ல ஊன்றிய நாட்டு மரங்கள் கிளை முறிந்தாலும் பெரும்பாலும் நின்றுகொண்டன. தாதி விழுந்த இடத்தில் திடீரென வெளிச்சம் வந்தது, கீழே காத்திருந்த கன்றுகள் எழும்பின. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி புரட்டிய போது தென்னந்தோட்டங்களுக்கு நேர்ந்ததைக் கண்டவர்களுக்கு, ஒரே இன மரத்தை நிரையாக வைப்பதில் உள்ள ஆபத்து நன்கு தெரியும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அதனை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. பாலை முழு மரமாக ஒரு மனித ஆயுள் வேண்டும். ஆரோவில்காரருக்குக் காணி இருந்தது. உள்ளூர்க் கமக்காரரிடமிருந்து விலைக்கு வாங்கிய காணிகள் அவை. அப்படி நிலம் கைமாறிய கிராமங்களைச் சேர்ந்த பலர் இன்று அங்கு சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள் என்பதும் அந்தக் கதையின் ஒரு பகுதிதான். நமது குடும்பங்களின் நிலை என்ன? சிலர் உறுதி இருந்தும் காணிக்குள் போக முடியாமல் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். சிலர் அனுமதிப்பத்திரம் எரிந்து போய்க் காணிக் கச்சேரிக்கு நடக்கிறார்கள். சிலர் உறவினர் வளவில் ஓர் ஓரத்தில் இருக்கிறார்கள். "ஆற்றையோ காணியில நான் மரம் வைச்சு என்ன செய்யிறது, ஃபாதர்? நாளைக்கு எழும்பு எண்டால் மரத்தையும் தோளில கொண்டு போறதோ?" இந்தக் கேள்வியைப் பல இடங்களில் பல குரல்களில் நாம் கேட்டிருக்கிறோம்.

மரம் வை என்று அவர்களுக்குப் போதிப்பது இலகு. அதனால்தான் மரநடுகை விழாக்கள் எமக்கு அதிகம் பிடிப்பதில்லை. காணி உரிமை உறுதிப்படாத இடத்தில் நட்ட கன்றுக்கு யாரும் மூன்றாம் வருடம் தண்ணீர் வார்க்க மாட்டார்கள். அதற்கு அவர்கள் மீது குற்றமில்லை. நீண்ட மரம் வேண்டுமென்று கேட்கிற அரசும் நிறுவனங்களும் முதலில் காணிப் பத்திரத்தைக் கையில் கொடுக்கட்டும். போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனைகளும் காட்டு மரங்களும் தறிக்கப்பட்டதும், 2009இன் பின்னர் முதிரை லொறி லொறியாகக் களவில் போனதும் ஊரறிந்த செய்திகள். இழப்பை ஈடுசெய்யும் பாரத்தை வீடிழந்தவன் தலையில் மட்டும் சுமத்துவது நீதியல்ல.

ஆயினும் இடம்பெயரக்கூடிய தோட்டம் ஒன்றுண்டு. அதுதான் நாற்றுமேடை. ஆரோவில் தோட்டத்திலும் உயிர்நாடி அதுவே என்று எமக்குத் தோன்றுகிறது. கோயிற்காடுகளிலிருந்து பொறுக்கிய விதைகளைப் பைகளில் முளைக்க வைத்துப் பெருந்தொகையாகக் கன்றுகளை உருவாக்குகிறார்கள். தமது காட்டை நட்டதும் அதிலிருந்துதான். பொலித்தீன் பையில் நிற்கும் கன்றுக்கு உறுதியும் வேண்டாம், பத்திரமும் வேண்டாம். எழும்பச் சொன்னால் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போகலாம். சொந்தக் காணி கிடைக்கும் நாளில் முழங்கால் உயரக் கன்றோடு போய் இறங்கலாம். அதற்கிடையில் விற்கவும் செய்யலாம். பாலைக் கன்றை யார் வாங்குவார் என்று சிரிக்க வேண்டாம். இந்தியாவில் சப்போட்டா ஒட்டுக் கன்று உற்பத்தி செய்வோர் அடிக்கட்டையாக விரும்பிப் பாவிப்பது பாலைக் கன்றைத்தான். இரண்டும் ஒரே குடும்பம். பாலையின் வேர் வறட்சி தாங்கும், மேலே ஒட்டிய சப்போட்டா இனிப்பாகக் காய்க்கும். ஒட்டுவதற்கேற்ற தடிப்பு வர இரண்டு மூன்று வருடங்கள் பொறுக்க வேண்டும்.

பாலைப்பழம் வைகாசி தொடக்கம் ஆடி வரை பழுக்கும். கரடியும் குரங்கும் பறவையும் பிள்ளைகளும் போட்டியிட்டுத் தின்னும் காலம் அது. தின்று உதடு ஒட்டிய பிள்ளைகளிடம் கொட்டையைத் துப்பாமல் ஒரு சிரட்டையில் போடச் சொல்லுங்கள். காட்டு மர விதைகள் பல, நெல்லைப் போலவோ பயற்றைப் போலவோ அடுத்த போகம் வரை வைத்திருக்க ஏற்றவையல்ல. காய்ந்தால் முளைக்கும் வலுவை இழந்துவிடும். ஆகவே சதையைக் கழுவி, ஓரிரு நாட்களுக்குள் மணலும் மக்கிய சாணமும் கலந்த பையில் ஊன்றிவிட வேண்டும். வெறும் வெயிலில் வைக்காமல் கிடுகுப் பந்தலின் கீழ் வையுங்கள். சில கொட்டைகள் சில வாரங்களில் முளைக்கும், சில மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். முளைக்காத பையை அவசரப்பட்டுக் கொட்ட வேண்டாம். முதல் மாரியை அது பந்தலின் கீழே கழிக்கட்டும். நிலத்தில் வைப்பதானால் அடுத்த வருடம் ஐப்பசியில், இரண்டு நல்ல மழை விழுந்த பிறகு வையுங்கள்.